திட்டுக்குப் பயந்து மறைக்கப்படும் நாய்க்கடி

நாய் கடித்த குழந்தையைக் காப்பாற்றும் மருந்து 140 ஆண்டுகளாக உலகில் இருக்கிறது. 1885இல் பாரீஸில் லூயி பாஸ்டர் முதலில் ஊசி போட்டுப் பிழைக்கவைத்ததே ஒன்பது வயதுச் சிறுவனைத்தான். நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இயங்குகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த ஊசிக்குக் காசு கிடையாது. அப்படியிருந்தும் 2024இல் தமிழகத்தில் நாய்க்கடிபட்டவர்கள் சுமார் 4.8 லட்சம் பேர். வெறிநோயால் இறந்தவர்கள் 43 பேர். மருந்து இருந்தும் உயிர் போகிறதென்றால், கடிபட்ட நொடிக்கும் ஊசி போடும் நேரத்துக்கும் இடையில்தான் ஏதோ தவறுகிறது. குழந்தைகள் விஷயத்தில் அந்தத் தவறு பல வேளைகளில் வீட்டிலேயே, பெரியவர்கள் மீதான பயத்திலேயே தொடங்குகிறது.

வெறிநாய்க்கடி சந்தேகத்துக்கு ஆளாகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ராமநாதபுரம் மாவட்டத்து நயினார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் கண்மாய்க் கரையிலும் கருவேலங்காட்டு ஓரத்திலும் விளையாடும் பிள்ளை, நாய்க்குட்டி கீறிய காயத்தை அம்மாவிடம் சொல்லுமா? "அங்கே ஏன் போனாய்?" என்று முதுகில் விழும் அடியை நினைத்தால் சொல்லாது. கால்சட்டைக்குள் ஒளித்த கீறல் நான்கு நாளில் ஆறிவிடும்; கிருமி ஆறாது. அது நரம்பு வழியே மூளைக்கு ஊர்ந்து போக வழக்கமாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் எந்த மருத்துவமனையாலும் அநேகமாக மீட்க முடியாது. ஆகவே சொன்ன பிள்ளையைத் திட்டாமல் இருப்பதே முதல் சிகிச்சை.

அடுத்தது சோப்பும் தண்ணீரும். காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். குடத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தண்ணீருக்கு அலையும் இந்த மாவட்டத்தில் இது நடக்குமா என்று கேட்பது நியாயமே. ஆனால் குழாய் ஓட வேண்டுமென்பதில்லை. ஒருவர் செம்பில் மொண்டு ஊற்ற, மற்றவர் துணி சோப்பையாவது போட்டுக் கழுவினால் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. நயினார்கோவில் நாகநாதரை வேண்டிக்கொள்ளலாம், ஊசி போட்டுவிட்டு வேண்டிக்கொள்ளலாம்.

"வளர்ப்பு நாய்தானே, பத்து நாள் பார்ப்போம்" என்பார்கள். நாயைக் கவனிக்கலாம், ஆனால் ஊசியை அன்றே தொடங்கிவிட வேண்டும். "ஊசி போட்டும் 2025இல் மலப்புரத்திலும் கொல்லத்திலும் குழந்தைகள் இறந்தார்களே" என்ற அச்சம் இன்னும் கனமானது. உயரம் குறைவானதால் குழந்தைக்குத் தலை, முகம், கை ஆகிய இடங்களில் கடி விழுகிறது. அங்கே நரம்பு அதிகம், மூளையும் அருகில். தடுப்பூசி உடலில் எதிர்ப்பு சக்தியை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காப்பது, காயத்திலேயே செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்து. எல்லாம் செய்தும் அரிதாகத் தோற்பதுண்டு. அது ஊசியைக் கைவிடக் காரணமல்ல. ஒரு நிமிடமும் தாமதிக்காதே என்பதற்கான எச்சரிக்கை. ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலினையும் கேட்டு வாங்குங்கள்.

இதில் அரசுக்கும் கடமை உண்டு. கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் அலையாதபடி, வட்டாரச் சுகாதார நிலையத்திலேயே இம்யூனோகுளோபுலின் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள் என்று போட்டுவிட்டு, கூலி போகுமே என்று 28ஆம் நாள் ஊசியை விட்டுவிடும் தாய்க்கு, அந்தத் தேதியைக் குறித்துவைத்திருக்கும் பள்ளி ஆசிரியர் நினைவூட்டலாம். பெற்றோர் செய்ய வேண்டியதோ இன்று இரவே முடியும். பிள்ளையை உட்காரவைத்து, "நாய் கடித்தாலும் கீறினாலும் உடனே சொல், அடிக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.