கைவழிக் கல்வி

புதுச்சேரி நகரின் வடபால் கடலோரமாக அமைந்த வைத்திக்குப்பத்தை, மாசி மகத்தன்று தீர்த்தவாரி காணச் சென்றவர்கள் நன்கறிவார்கள். மற்ற நாட்களில் அது படகும் வலையும் மீன் கூடையுமாக உழைத்துப் பிழைக்கும் மக்களின் குப்பம். அங்கே மீன் விற்கும் தாயின் பக்கத்தில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று நிற்பதாகக் கொள்வோம். கூறு 150 ரூபாய் வீதம் இரண்டு கூறு வாங்கியவர் 500 ரூபாய் நோட்டை நீட்டினால், பாக்கி எவ்வளவென்று தாய் கேட்குமுன் அப்பிள்ளை சொல்லிவிடும். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அதே கணக்கைக் குறிகளோடு கரும்பலகையில் எழுதிப் போட்டால் அதே பிள்ளை விழிக்கும். கடையில் புத்திசாலியாயிருந்த குழந்தை வகுப்பறையில் மந்தமானதென்று பெயரெடுப்பானேன்?

இது நமது கற்பனையன்று. பிரேஜில் தேசத்தில் ரெசிபே என்னும் துறைமுகப் பட்டினத்திலே, தெருவில் தேங்காயும் பழமும் விற்கும் சிறுவர் ஐவரைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 1985-இல் வெளியாயிற்று. சரக்கு வாங்குபவர் போல் நின்று கேட்ட கணக்குகளில் அவர்கள் 100-க்கு 98 வீதம் சரியாக விடை சொன்னார்கள். அதே வகைக் கணக்குகளை வெறும் எண்களாகக் கொடுத்தபோது 100-க்கு 37 தான் தேறிற்று. ஐந்து பேரைக் கொண்டு உலகத்தை அளக்கலாமா என்று கேட்போருக்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. கல்கத்தா, டில்லி நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை மிகப் பெருந் தொகையில் சோதித்து, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் துஃப்லோ முதலியோர் செய்த ஆராய்ச்சி 2025-இல் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான பேரங்களை மனக்கணக்காகவே முடித்தார்கள். பள்ளிக் கணக்கில் இடறினார்கள். சந்தை வேலை அறியாத பள்ளிப் பிள்ளைகளோ காகிதத்தில் ஓரளவு தேறி, சந்தைக் கணக்கில் திணறினார்கள். இந்த இரண்டாவது செய்தியே நமக்கு அதிகக் கவலை தருவது. ஏனெனில் அது ஏழைப் பிள்ளையின் குறையை மட்டும் காட்டவில்லை. நமது பாடமுறையின் குறையையே காட்டுகிறது.

கையால் செய்து, கண்ணால் கண்டு, தானே கண்டுபிடித்துக் கற்கும் முறையை நாம் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்தான். அது குழந்தைகளுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமென்பதற்காக ஏற்பட்டதன்று. கை அறிந்ததை எழுத்துக்கும், எழுத்து அறிந்ததைக் கைக்கும் கொண்டு சேர்க்கும் பாலமே அது. 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்களாலும் தேடலாலும் கண்டறிதலாலும் கற்பிக்க வேண்டுமென்று தெளிவாகவே விதித்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதன் பெயரால் நடப்பதென்ன? சார்ட்டுப் பேப்பரும் தெர்மாகோலும் பளபளப்புக் காகிதமும் வாங்கிவரச் சொல்லிப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கடலுக்குப் போய்வந்த தகப்பனும் கடைவீதியிலிருந்து திரும்பிய தாயும் இரவில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். அல்லது கடைக்காரரிடமே காசு கொடுத்துச் செய்வித்துக் கொள்கிறார்கள். மறுநாள் அது சுவரில் தொங்குகிறது. பார்வையிட வருபவர் மகிழ்ந்து செல்கிறார். குழந்தையின் கை அதில் பட்டதா என்று கேட்பாரில்லை. இதற்குப் ‘புராஜெக்ட்’ என்று பெயர். இதைவிடப் பழைய வாய்ப்பாட்டு ஒப்புவிப்பே மேல். அதிலாவது உழைப்பு குழந்தையினுடையது.

கைத்தொழில் வாயிலாகக் கல்வி என்பது நமது தேசிய இயக்கத்துக்குப் புதிதன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் மகாத்மா காந்தி தமது ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டார். டாக்டர் ஜாகிர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தக்ளியில் நூல் நூற்கும் குழந்தை அதன் மூலமாகவே கணிதமும் பூகோளமும் சரித்திரமும் கற்க வேண்டுமென்பது அதன் கருத்து. ஆனால் குழந்தைகளின் உழைப்பால் பள்ளிச் செலவு ஈடுகட்டப்பட வேண்டுமென்ற பகுதி அப்போதே பலருக்குச் சம்மதமாயில்லை, நமக்கும் சம்மதமில்லை. வருமானம் நோக்கமானால் குழந்தை கூலியாளாகிவிடும்.

இன்னொரு படிப்பினையையும் மறக்கலாகாது. 1953-இல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாமென்றது. குலக்கல்வியென்று நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் அது கைவிடப்பட்டது. அச்சமயம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி அக்கிளர்ச்சிக்கு வெளியே இருந்தபோதிலும், அதன் பாடம் இங்கும் பொருந்தும். வைத்திக்குப்பத்துப் பள்ளியில் வலையைப் பற்றிப் பாடம் நடத்துங்கள் என்று நாம் சொன்னால், மீனவர் பிள்ளை மீனவராகவே இருக்கட்டும் என்கிறீர்களா என்று பெற்றோர் சீறுவது நியாயமே. நமது விடை இது: வலைக் கண்ணியை அளக்கும் பிள்ளை வலை பின்னுவதற்காக அளக்கவில்லை, சதுரமும் பரப்பும் பெருக்கலும் இன்னதென்று கைப்பட அறிவதற்காக அளக்கிறது. அந்தப் பாடம் நகரத்து வக்கீலின் பிள்ளைக்கும் வேண்டும். பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷமும் இதற்காகக் குறைக்கக் கூடாது.

அண்டையிலுள்ள தமிழ்நாடு இத்துறையில் செய்த முயற்சி கவனிக்கத் தக்கது. ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றி, 2003-இல் எம். பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராயிருந்தபோது 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பிக்கப்பட்டது. உபாத்தியாயர் நாற்காலியை விட்டிறங்கிப் பிள்ளைகளோடு பாயில் அமர்ந்தார். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. தலைக்குமேல் கட்டிய கம்பிப் பந்தலில் அவரவர் கைவேலை தொங்கிற்று. ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுத்துத் தன் வேகத்தில் முன்னேறலாம். சில ஆண்டுகளில் இம்முறை மாகாணம் முழுவதும் பரவிற்று. பரவிய வேகத்திலேயே அது தளர்ந்தும் போயிற்று என்று நாம் கருதுகிறோம். உயிரோடிருந்த அட்டைகள் நாளடைவில் பழைய பாடப்புத்தகத்தின் துண்டுகளாயின. அட்டையை முடிப்பதே காரியமாயிற்று. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் புதிய இயக்கம் தொடங்கப்பட்டது. எந்த முறையும் உத்தரவாக இறங்கும்போது சடங்காகிவிடும் அபாயம் உண்டு.

ஆகவே புதுச்சேரிக்கு நாம் இன்னொரு அட்டைப் பெட்டியைச் சிபார்சு செய்யவில்லை. வைத்திக்குப்பத்தில் பாடப்பொருள் வாசலிலேயே கிடக்கிறது. கிளிஞ்சலும் புளியங்கொட்டையும் எண்ணுவதற்கு. ஒரு தராசு நிறுப்பதற்கு. மாசி மகத்துக்கு மயிலத்திலிருந்து முருகன் எழுந்தருளுகிறார்; மற்றச் சுவாமிகள் எந்தெந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எத்தனை கிலோமீட்டர், எவ்வழி என்று விசாரித்துத் தரையில் மணலால் படம் போட்டால் பூகோளம் விளங்கும். கீழைக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஏன் அந்த மாதங்களில், அதில் எத்தனை நாள் ஏப்ரலில், எத்தனை மேயில் என்று கேட்டால் கணக்கும் உயிர்நூலும் ஒரு கேள்வியில் அடங்கும். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டழைக்கும் பாட்டனாரை ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு மணல் வரத்துத் தடைப்பட்டுப் புதுச்சேரிக் கரை அரிக்கப்பட்டதும், கல் கொட்டித் தடுக்க நேர்ந்ததும் அனைவரும் அறிந்தவை. ஒரு தட்டில் மணலும் நீரும் வைத்துக் குறுக்கே கல்லை நட்டு அலையெழுப்பினால், பெரியோர் காலங்கடந்து அறிந்ததை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அரைமணியில் அறிந்துகொள்ளும்.

இவையெல்லாம் எந்த பாஷையில் நடப்பது? இங்குதான் விஷயம் முட்டுகிறது. புதுச்சேரி சர்க்கார் பள்ளிகளின் தொடக்க வகுப்புக்களில் முன்னரே புகுந்த மத்தியக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம், 2023-24 முதல் மேல் வகுப்புக்களுக்கும் வந்தது. அதனுடன் ஆங்கில வழிப் போதனையும் ஊன்றியது. கையில் கிளிஞ்சலை வைத்துக்கொண்டு, நான் இப்படி நினைத்தேன், இதனால் இப்படியாயிற்று என்று குழந்தை சொல்லும்போதுதான் செயல் கல்வியாகிறது. அதைத் தெரியாத பாஷையில் சொல்லச் சொன்னால், கற்றுக்கொடுத்த ஒரு வாக்கியத்தை ஒப்புவித்துவிட்டு உட்காரும். ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, பெற்றோர் அதை விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு, நன்றாகவே கற்பிக்கட்டும். ஆனால் எட்டு வயது வரை வீட்டு மொழியே போதனா மொழியாக இருக்க வேண்டுமென்று 2022-இன் அடிப்படைநிலைப் பாடத்திட்டச் சட்டகமே கூறுகிறது. இந்திய பாஷைகளில் கற்பிக்கலாமென்று அந்த வாரியமும் 2023 ஜூலையில் சுற்றறிக்கை விடுத்திருக்கிறது. தடை டில்லியில் இல்லையென்றால், எங்கே இருக்கிறது என்பதைப் புதுச்சேரிக் கல்வி இலாகா சொல்ல வேண்டும்.

கடைசியாக உபாத்தியாயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு குழந்தையின் கையையும் கவனிக்க அவருக்கு நேரம் வேண்டும். மக்கட்கணக்கு, தேர்தல், பேரிடர் நிவாரணம் ஆகியவை தவிரக் கல்வியல்லாத வேறு வேலைக்கு அவரை அனுப்பலாகாதென்று அதே கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு கூறுகிறது. அந்த விதிவிலக்குகளே போதுமான அளவு நாட்களை விழுங்குகின்றன. அவற்றுக்கு மேல் பதிவேடுகளும் கைபேசியில் அனுப்ப வேண்டிய போட்டோக்களும் வேறு. தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றிலும் சென்ற கல்வியாண்டில் எத்தனை நாள் உபாத்தியாயர் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார் என்னும் கணக்கைக் கல்வி மந்திரி சட்டசபையில் பள்ளிவாரியாக வைப்பாராக. வைத்திக்குப்பத்திலிருந்தே அதை ஆரம்பிக்கலாம்.