மூடிய அறையில் மக்கள் பொருள்

இருவர் தமக்குள் மாறுபட்டால், இருவர்க்கும் உடன்பாடான ஒருவரை நடுவராக வைத்து, அவர் சொல்லுக்குக் கட்டுப்படுதல் உலகெங்கும் உள்ள பழைய வழக்கம். வாணிகர் இருவரிடை எழும் பூசல் இவ்வாறு விரைவாகவும் அமைதியாகவும் தீருமாயின், அதனைக் குறைகூறுவார் இலர். அவர்தம் கணக்கும் தொழில் நுணுக்கமும் பிறர் அறியாமற் காக்கப்பெறுதலும் முறையே. ஆயின், வழக்காடுவோருள் ஒருவர் வாணிகராகவும் மற்றொருவர் ஒரு நாட்டின் அரசாகவும் இருப்பின், அதே கமுக்கம் முறையாகுமா? அரசு தோற்றுக் கட்டுந் தொகை அமைச்சரின் பையினின்று வருவதன்று. உழைக்கும் மக்களின் வயிற்றினின்று வருவது.

இவ்வினாவிற்கு விடை காண, நைசீரிய நாட்டின் பட்டறிவு ஒன்றே போதும்.

2010ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பிரித்தானியக் கன்னித் தீவுகளிற் பதிவு பெற்ற 'பி அண்டு ஐடி' என்னும் நிறுவனம் நைசீரிய அரசோடு இருபதாண்டு உடன்பாடு ஒன்று செய்துகொண்டது. அரசு எரிவளி வழங்க வேண்டும். நிறுவனம் ஆலை கட்டி அதனைத் துப்புரவு செய்து தர வேண்டும். எரிவளியும் வரவில்லை, ஆலையும் எழவில்லை. 2012இல் நிறுவனம் உடன்பாட்டின்படி நடுவர் மன்றத்தை நாடியது. இலண்டனை இருப்பிடமாகக் கொண்ட அம்மூவர் மன்றம், கட்டப்படாத ஆலை இருபதாண்டு ஈட்டியிருக்கக் கூடிய ஊதியத்தைக் கணக்கிட்டு, 2017இல் ஏறத்தாழ 660 கோடி அமெரிக்கத் தாலர் இழப்பீடு விதித்தது. மூவருள் ஒருவர் தொகையில் மாறுபட்டார். எனினும் பெரும்பான்மையே தீர்ப்பாயிற்று. நூற்றுக்கு ஏழு வட்டி; நாளொன்றுக்கு 12 நூறாயிரம் தாலருக்கு மேல்! 2023இல் அத்தொகை 1,100 கோடியைத் தாண்டியது.

உறங்கிய அரசு பிந்தி விழித்தது. தீர்ப்பை எதிர்க்க ஆங்கிலச் சட்டம் தருவது 28 நாள். நைசீரியா வந்ததோ ஈராண்டிற்கும் மேற்பட்ட காலங்கடந்து. மோசடிக்கான சான்றுகளின் வலிமையால், 2020இல் இலண்டன் உயர்வழக்குமன்றம் கதவைத் திறந்தது. 2023ஆம் ஆண்டு அக்தோபர் 23ஆம் நாள் தீர்ப்பாளர் இராபின் நோல்சு உண்மையை உரைத்தார். உடன்பாட்டுக் காலத்திலேயே அமைச்சின் சட்ட அலுவலர் ஒருவர்க்குக் கையூட்டு அளிக்கப்பட்டிருந்தது; அது வெளிப்படாதிருக்க, நடுவர் மன்றில் வழக்கு நடந்த காலத்தும் பணம் கொடுக்கப்பட்டது; நிறுவனத்தின் சார்பில் பொய்ச்சான்று புகுந்தது; நைசீரிய அரசு தன் வழக்கறிஞரோடு கலந்த உள்ளாவணங்களே எதிரியின் கையில் இருந்தன. தீர்ப்பு மோசடியாற் பெறப்பட்டதென்று தள்ளப்பட்டது.

முடிவு நன்றாயிற்று என்று மகிழ்ந்து அமைதலாகாது. அறிவும் நேர்மையும் உடைய நடுவர் மூவரின் கண்முன்னேயே இக்கள்ளம் நடந்தது என்பதே அஞ்சத்தக்கது. அவர்கள் தம்முன் வைக்கப்பட்டதையே கண்டனர். வைக்கப்படாததைக் காட்ட அங்கே எவருமிலர். செய்தியாளர் இல்லை, மக்கள் மன்றத்து உறுப்பினர் இல்லை, வரி கொடுப்போர் இல்லை. தீர்ப்பாளர் நோல்சும் இவ்விடத்தையே தொட்டு, அரசு ஒரு தரப்பாகவும் தொகை இத்துணைப் பெரிதாகவும் உள்ள வழக்கிற்கு இம்முறை ஏற்றதா என்று உலகம் எண்ணிப் பார்க்குமாறு வேண்டினார்.

உலகம் எண்ணிற்றா? ஒன்றிய நாடுகள் அவை 2014இல் மொரீசியசு உடன்படிக்கையை வகுத்தது. முதலீட்டாளர் அரசின்மேல் தொடுக்கும் வழக்குகளில் ஆவணங்கள் வெளியாகவும், உசாவல் திறந்த அவையில் நடைபெறவும் அது வழி செய்தது. நல்லதே. ஆயின் அது நாடுகளுக்கிடைப்பட்ட முதலீட்டு உடன்படிக்கைகளின்வழி எழும் வழக்கையே தழுவும். அரசும் நிறுவனமும் நேரே செய்துகொண்ட உடன்பாட்டின்வழி எழும் வழக்கைத் தழுவாது. நைசீரிய வழக்கு பின்னை வகையைச் சார்ந்தது! அணை கட்டியும் உடைப்பை அடைக்காது விட்ட கதையே இது. இங்கிலாந்தும் 2025இல் தன் நடுவர் மன்றச் சட்டத்தைத் திருத்தியது. நடுவர் தம் நடுநிலைமேல் ஐயம் எழுப்பக் கூடியவற்றை வெளிப்படுத்தும் கடமையை எழுத்திற் கொணர்ந்தது. கமுக்கத்தைப் பற்றியோ ஒன்றும் உரைக்கவில்லை.

கதவைத் திறந்தால் முதலீட்டாளர் அஞ்சி ஓடுவர் என்பார் உளர். நேர்வழியில் முதலிட்டவன் வெளிச்சத்திற்கு அஞ்சுவானேன்? உண்மையான தொழில் நுணுக்கத்தை மட்டும் மறைத்து, எஞ்சியதைத் திறந்துவைத்தல் அரிதன்று. அரசு தரப்பாகும் ஒவ்வோர் உடன்பாட்டிலும், வழக்கு நேரின் அது வெளிப்படையாகவே நடைபெறும் என்னும் ஒரு வரியைச் சேர்க்க எந்த உலக அவையின் இசைவும் வேண்டுவதில்லை. ஆள்வோரின் நெஞ்சுரம் ஒன்றே வேண்டும். கையூட்டு வாங்கிய கை நைசீரியாவின் கையே என்பதை எண்ணும்போது, அவ்வெளிச்சம் அயலவனினும் தன் அலுவலனைக் காக்கவே முதற்கண் தேவை என்பது விளங்கும்.

மன்றம் என்னுஞ் சொல்லுக்குப் பலரும் கூடும் பொதுவெளி என்பதே பழம்பொருள். கதவடைத்த அறைக்கு அப்பெயர் பொருந்தாது. மக்கள் பொருளைப் பற்றிய வழக்கு மக்கள் கண்முன் நடைபெறுக!