சாரல் சாலையில் 200 குதிரைகள்!

மோட்டார் சைக்கிளின் 'மின்சார மூளை' எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

ஜூன் மாதம் பிறந்தால் குற்றாலத்தில் சாரல் பிறக்கும். மலை உச்சியில் மேகம் இறங்கும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஜனங்களை வா, வா என்று அழைக்கும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ஐந்து கிலோ மீட்டர் சாலையில் அப்போது தலைகளைத்தான் பார்க்கலாம். தரையைப் பார்க்க முடியாது.

அந்தக் கூட்டத்தில் சில ஆண்டுகளாக ஒரு புது மாதிரி வண்டியும் வருகிறது. முன்னால் குனிந்து, தொட்டியின் மேல் படுத்தபடி ஓட்டும் 'ஸ்போர்ட்' மோட்டார் சைக்கிள். அதன் உறுமலைக் கேட்டதும், தேங்காய் எண்ணெய் வடியும் தலையோடு அருவிக்குப் போகிறவர்கள் கூடத் திரும்பிப் பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கும் பையனோ, "அப்பா, எனக்கும் ஒன்று" என்கிறான்.

"அதில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வழுக்கினாலும் அதுவே பிடித்துக் கொள்ளும்" என்று அவன் விளக்கமும் சொல்கிறான்.

அவன் சொல்வது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் உயிர் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

எட்டுக் குதிரையும் இருநூறு குதிரையும்

நம் ஊர்களில் வேலைக்கும் சந்தைக்கும் போய் வரும் 100 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கு, குத்துமதிப்பாக 8 குதிரைத் திறன். கணவன், மனைவி, குழந்தை, ஒரு பை அரிசி எல்லாவற்றையும் அது சுமக்கிறது.

கல்லூரி வாலிபர்கள் ஆசைப்படும் யமஹா ஆர் 15 வண்டி 155 சி.சி. அதற்கு 18 குதிரைத் திறனுக்குச் சற்று அதிகம். 2021-ல் வந்த அதன் புதிய வகையில், பின் சக்கரம் சறுக்காமல் தடுக்கும் கருவியும் வந்து விட்டது.

அடுத்த படி, நம் ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. இது முதலில் விற்பனைக்கு வந்தது 2017 டிசம்பரில். 2024-ல் வந்த வகைக்கு 38 குதிரைத் திறன். புனே பக்கத்தில் உள்ள சாக்கனில் தயாரான கே.டி.எம். ஆர்.சி. 390 வண்டியின் 2022-ம் ஆண்டு வகைக்கு 43 குதிரைத் திறனுக்கு மேல்.

இவற்றுக்கெல்லாம் மேலே இருப்பவை பெரிய வண்டிகள். யமஹா ஆர் 1, கவாசாகி நிஞ்ஜா இசட்.எக்ஸ். 10 ஆர், சுசுகி ஹயபுசா போன்றவை. இவை ஏறக்குறைய 200 குதிரைத் திறன் கொண்டவை. அதாவது, நம் வீட்டு வண்டியைப் போல இருபத்தைந்து வண்டிகளின் பலம், ஒரே ஒரு கைப்பிடி முறுக்கில்!

மனிதனின் கை அதே கைதான். கண்ணும் அதே கண்தான். பலம் மட்டும் இருபத்தைந்து மடங்கு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 'மின்சார மூளை' வந்தது.

அந்த மூளை என்ன செய்கிறது?

முதலாவது, ஏ.பி.எஸ். பிரேக். பயந்து போய் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றாமல் நின்று விடும். ஆனால் வண்டி நிற்காது. சறுக்கிக் கொண்டே போகும். முன் சக்கரம் அப்படி நின்று விட்டால், கண் மூடித் திறப்பதற்குள் ஆள் கீழே கிடப்பார். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில், சக்கரத்தின் அருகே உள்ள ஒரு சிறு உணர் கருவி அதன் சுழற்சியை இடைவிடாமல் கவனிக்கிறது. சக்கரம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும், பிரேக்கை ஒரு கணம் தளர்த்துகிறது. உடனே மறுபடி பிடிக்கிறது. இப்படி ஒரே வினாடியில் பல முறை! அப்போது பிரேக் பிடியில் 'கிடுகிடு' என்று ஓர் அதிர்வு தெரியும். வண்டி கெட்டு விட்டதோ என்று பயந்து கையை எடுத்து விடக் கூடாது. விடாமல் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, டிராக்‌ஷன் கண்ட்ரோல். இது முடுக்கத்துக்குக் காவல். ஈரத் தரையில் அதிகமாக முறுக்கினால், பின் சக்கரம் முன் சக்கரத்தை விட வேகமாகச் சுற்றி வழுக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்டதும் மூளை என்ஜினின் பலத்தைக் குறைத்து விடும்.

மூன்றாவது, வண்டியின் சாய்வை அளக்கும் கருவி. வளைவில் வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன் சக்கரம் தூக்குகிறதா என்று இது கணக்குப் பார்க்கும். அதற்குத் தக்கபடி பிரேக்கையும் என்ஜினையும் அடக்கும். 2015-ல் வந்த யமஹா ஆர் 1 வண்டியில், ஆறு விதமான அசைவுகளை அளக்கும் கருவி இருந்தது. 2023-ல் ஓசூரிலிருந்து வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 வண்டியின் விலை உயர்ந்த வகையிலும் வளைவுக்கேற்ற பிரேக் காவல் உண்டு. எட்டே ஆண்டுகளில் லட்சாதிபதியின் வண்டியிலிருந்து நடுத்தரக் குடும்பத்து வண்டிக்கு அது இறங்கி வந்து விட்டது.

இவை தவிர 'மழை முறை' என்று ஒரு பொத்தானும் சில வண்டிகளில் இருக்கிறது. அதை அழுத்தினால் என்ஜின் சாதுவாகி விடும். குற்றாலச் சாரலுக்கென்றே செய்தது போல!

கிளட்சைப் பிடிக்காமல் கியர் மாற்றும் கருவியும் உண்டு. ஆனால் அது வேகத்துக்கும் வசதிக்கும் உதவுவது. காவலுக்கு அல்ல. விளம்பரத்தில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்வார்கள். வாங்குகிறவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அறுபது ஆண்டு தாமதம்

சக்கரம் பூட்டிக் கொள்ளாத பிரேக் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். முதலில் அது ஆகாய விமானத்துக்கு வந்தது. 1958-ல் இங்கிலாந்தில், சாலை ஆராய்ச்சி நிலையத்தார் அதை ஒரு ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிளில் பொருத்திச் சோதித்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. ஆனாலும் அது கடைக்கு வரவில்லை. அதே ராயல் என்பீல்டு வண்டிக்குச் சென்னையில் கம்பெனி தொடங்கியது 1955-ல் என்பது நம்மில் பலருக்குத் தெரியும்.

1988-ல்தான் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி, மின்னணு ஏ.பி.எஸ். கொண்ட மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. சோதனை நடந்த நாளிலிருந்து எண்ணினால் அறுபத்தோர் ஆண்டுகள்!

பலன் உண்டா? அமெரிக்காவில் 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஏ.பி.எஸ். உள்ள மோட்டார் சைக்கிள்கள் உயிர்ப்பலி விபத்தில் சிக்குவது 22 சதவீதம் குறைவு என்று கண்டது. ஐந்து வீடுகளில் விழ வேண்டிய இழவில், ஒரு வீட்டு இழவு தப்பியது என்று இதற்குப் பொருள்.

யாருக்குக் காவல் வேண்டும்?

இங்கேதான் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள் 74,897 பேர். நூற்றுக்கு 44 பேர்! அதே ஆண்டில் மாநிலங்களிலேயே அதிக விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள்.

இறந்த இவர்களெல்லாம் 200 குதிரை வண்டியில் போனவர்களா? இல்லை. நாட்டில் ஓடும் இரு சக்கர வண்டிகளில் பெரும்பான்மை 125 சி.சி.யும் அதற்குக் குறைவும்தான். பால்காரர், கொத்தனார், பீடிக் கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை ஆகியோரின் வண்டிகள் அவை. 2019 விதி இந்த வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸைக் கட்டாயம் ஆக்கவில்லை. ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிடிக்கும் 'கூட்டு பிரேக்' இருந்தால் போதும் என்று விட்டு விட்டது. கூட்டு பிரேக் நல்லதுதான். ஆனால் சக்கரம் பூட்டிக் கொள்வதை அது தடுக்காது.

ஆக, வாரத்தில் ஒரு நாள் உல்லாசத்துக்குப் போகிறவரின் வண்டியில் நாலு காவல். தினமும் மூன்று பேரைச் சுமக்கும் வண்டியில் அரைக் காவல்!

எல்லா இரு சக்கர வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். வேண்டும், வண்டியோடு இரண்டு தலைக்கவசமும் தர வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2025 ஜூன் மாதம் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. விலை ஏறும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணை. ஏறும்தான். சில ஆயிரம் ரூபாய், ஏழைக்குச் சிறு தொகை அல்ல. ஆனால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் செலவோடு அதை ஒப்பிட வேண்டும். சம்பாதிக்கிறவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூளையால் முடியாதது

சரி, எல்லாக் காவலும் உள்ள வண்டியே வாங்கி விட்டோம். இனி பயமில்லையா?

டயரின் பிடிப்பு, படியில் அளந்த அரிசி மாதிரி. வளைவில் திரும்புவதற்கு முக்கால் படி செலவாகி விட்டால், பிரேக்குக்கு மிச்சம்தான் கிடைக்கும். மின்சார மூளை, இருக்கிற அரிசியைச் சிந்தாமல் பங்கிடும். இல்லாத அரிசியை அது உண்டாக்காது.

மழை, அந்தப் படியையே சின்னதாக்கி விடுகிறது. மழை தொடங்கிய புதிதில் தார்ச் சாலையில் ஊறிக் கிடந்த எண்ணெய் மேலே மிதக்கும். மரத்தடியில் ஈர இலை கிடக்கும். சாலையில் அடித்த வெள்ளைக் கோடு சோப்பு மாதிரி வழுக்கும். செங்கோட்டையைத் தாண்டி, புளியரை மலைச் சாலையில் கேரளம் நோக்கி ஏறினால், கொல்லம் போகும் கனத்த லாரிகள் வளைவை அடைத்துக் கொண்டு வரும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது.

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறவர், குறுக்கே வந்த ஆளைக் கண்டு பிரேக் பிடிக்க ஒரு வினாடி ஆகும். அதற்குள் வண்டி 17 மீட்டர் போய் விடும். பிறகு நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் சுமார் 20 மீட்டர். நனைந்த சாலையில் சுமார் 35 மீட்டர். ஆக மொத்தம் 52 மீட்டர். வேகம் 80 ஆனால், நனைந்த சாலையில் மொத்தம் 85 மீட்டர் வேண்டும். துண்டும் வாளியுமாகக் குழந்தைகள் குறுக்கே ஓடும் குற்றாலச் சாலையில் 85 மீட்டர் காலி இடம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. பல பெரிய வண்டிகளில் சில காவல்களை ஓட்டுகிறவரே ஒரு பொத்தானால் அணைத்து விடலாம். சாகசம் செய்ய விரும்புகிறவர் முதலில் செய்வது அதைத்தான். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, நெடுஞ்சாலையில் முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய ஒரு யூடியூப் பிரபலம் விழுந்து அடிபட்டார். அவர் கைதானார், அவருடைய ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. வேகத்துக்கு இடம் வேண்டும் என்றால், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

பெற்றோர்களே, வண்டிக் கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

1. ஏ.பி.எஸ். உண்டா? முன் சக்கரத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா? இரண்டுக்கும் இருப்பதே மேல்.

2. பையனுக்கு 18 வயது ஆகி, உரிமம் கிடைத்து விட்டதா? அதற்கு முன் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

3. அவன் ஓட்டிப் பழகியது எந்த வண்டி? 8 குதிரையிலிருந்து ஒரே தாவாக 40 குதிரைக்குப் போகலாமா?

4. டயர் தேய்ந்தால் மாற்றப் பணம் இருக்கிறதா? வழுக்கை டயரில் எந்த மூளையும் வேலை செய்யாது.

5. தலைக்கவசம் இரண்டு வாங்கியாயிற்றா? 2022-ல் தலைக்கவசம் அணியாமல் நாட்டில் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

ஏற்கெனவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஈரத்தில் வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள், வளைவுக்குள் பிடிக்காதீர்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கி, பிறகு அழுத்துங்கள். முன்னால் போகிற வண்டிக்கு இரு மடங்கு இடம் விடுங்கள். இந்த மூளைக்குக் காசு இல்லை.

சாரல் மூன்று மாதம் இருக்கும். அருவி எங்கும் ஓடி விடாது. பத்து நிமிஷம் தாமதமாகப் போனாலும் அதே தண்ணீர்தான் தலையில் விழும்.