சுவரைப் பார்த்துப் பாடியவர்

டெட்ராய்ட் ஆற்றங்கரையில் ‘தி சூவர்’ என்று ஒரு மதுக்கடை இருந்தது. தமிழில் சொன்னால் சாக்கடை. 1960களின் கடைசியில் ஓர் இரவு டென்னிஸ் காஃபி, மைக் தியோடோர் என்ற இரண்டு இசைத் தயாரிப்பாளர்கள் அங்கே போனார்கள். உள்ளே ஒரே சிகரெட் புகை. ஒரு மூலையில் கித்தாரோடு ஒருவர், கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். முகம் தெரியாததால் பாட்டின் சொற்களைக் கவனித்தே ஆக வேண்டியிருந்தது என்பது அவர்கள் பின்னாளில் சொன்ன நினைவு.

அவர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிக் குடும்பத்தின் ஆறாவது பிள்ளை. பெயருக்கும் அதுதான் அர்த்தம். தெருவையும் வேலையில்லாதவர்களையும் போதை விற்பவனையும் தானே எழுதித் தானே பாடினார். 1970இல் ‘கோல்ட் ஃபேக்ட்’, அடுத்த ஆண்டு ‘கமிங் ஃப்ரம் ரியாலிட்டி’ என்று இரண்டு இசைத்தட்டுகள். அமெரிக்காவில் இரண்டும் விலைபோகவில்லை. கம்பெனி கைவிட்டது. பழைய கட்டிடங்களை இடிக்கிற வேலைக்குப் போனார் ரோட்ரிகஸ்.

இந்த மாதிரிக் கதைகளில் மாலை எப்போதும் ‘கண்டுபிடித்தவர்’ கழுத்தில்தான் விழுகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. 1967இலேயே அவர் பாட்டு ஒரு சிறு தட்டாக வெளிவந்திருந்தது. கடையில் குடித்துக்கொண்டிருந்தவர்களும் கேட்கத்தான் செய்தார்கள். கேட்க ஆளில்லாமல் போகவில்லை. கேட்டதை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி எழுதிவைக்கத்தான் ஆளில்லை.

‘கோல்ட் ஃபேக்ட்’ தட்டு எப்படியோ தென்னாப்பிரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. நிறவெறி ஆட்சிக் காலம். கட்டாய ராணுவச் சேவைக்கு அனுப்பப்பட்ட வெள்ளை இளைஞர்களிடையே அது கேசட்டாகக் கைமாறியது. அரசு வானொலி சில பாடல்களைத் தடை செய்தது. ஆவணக் காப்பகத்திலிருந்த தட்டில் தடை செய்த பாட்டு ஓடாதபடி கூர்மையான கருவியால் கீறியே வைத்திருந்தார்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிடக் கவனமான வாசகன் கிடைப்பானா என்ன! ஆனால் பாடியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார் என்றார்கள். தீ வைத்துக்கொண்டார் என்றும் சொன்னார்கள். அவரோ டெட்ராய்ட்டில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார்.

1990களின் நடுவில் இரண்டாவது தொகுப்பு தென்னாப்பிரிக்காவில் குறுந்தட்டாக மறுபடி வந்தபோது, கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீபன் செகர்மன் அதன் உறைக் குறிப்பில் ஒரு கேள்வியைப் போட்டார்: இந்த மனிதரைத் தேடிக் கண்டுபிடிக்க யாராவது இருக்கிறீர்களா? கிரெய்க் பார்தலோமியூ ஸ்ட்ரைடம் என்ற பத்திரிகையாளர் அதைப் படித்துவிட்டுத் தேடக் கிளம்பினார். எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது. பாட்டு வரிகளையே தடயமாக வைத்துத் தேடினார். ஒரு பாட்டில் டியர்பார்ன் என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. வரைபடத்தைப் பார்த்தால் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அங்கிருந்து மைக் தியோடோர் கிடைத்தார். ரோட்ரிகஸ் எப்படிச் செத்தார் என்று கேட்டதற்கு, உயிரோடுதான் இருக்கிறார் என்று பதில் வந்தது. 1998 மார்ச்சில் கேப் டவுனில் ஆயிரக்கணக்கானோர் முன் அவர் பாடினார். இந்த முறை கூட்டத்தைப் பார்த்து.

இந்தத் தேடலைப் பற்றி மாலிக் பெண்ட்ஜெலூல் எடுத்த ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படம் 2013இல் ஆஸ்கர் வாங்கியது. நல்ல படம்தான். ஆனால் 1979இலும் 1981இலும் ரோட்ரிகஸ் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் போய்ப் பாடியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதைச் சொன்னால் முற்றிலும் மறக்கப்பட்டவர் என்ற கதை கொஞ்சம் கோணலாகியிருக்கும். ஆகட்டுமே. கோணலான உண்மைக்கு இடம் கொடுக்கத்தானே நம்மைப் போன்ற பத்திரிகைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் விற்ற தட்டுகளின் பணம் எங்கே போனது என்று அந்தப் படம் கேட்ட கேள்வியை மட்டும் மறக்காமல் பாராட்ட வேண்டும். 2023 ஆகஸ்டில் ரோட்ரிகஸ் காலமானார். வயது 81.

ஓர் உறைக் குறிப்பும் ஓர் ஊர்ப்பெயரும் இல்லாவிட்டால் அந்த மனிதர் தென்னாப்பிரிக்கர்களுக்குச் செத்தவராகவே இருந்திருப்பார். அதனால் அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். மாடி அறையில், டீக்கடை முற்றத்தில், புத்தகக் கடையின் பின்கட்டில், இருபது பேர் உட்காரும் இடத்தில், சொந்தமாக எழுதிப் பாடுகிற ஒருவரைக் கேட்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். அற்புதம், அபாரம் என்பதையெல்லாம் நாங்கள் வெட்டிவிடுவோம். என்ன பாடினார், எத்தனை பேர் இருந்தார்கள், எந்தத் தேதி என்று இருக்கட்டும். ஊர்ப்பெயரை மறக்காமல் எழுதுங்கள்.

- ஆசிரியர்