மூளைப் படமும் நோயாளியின் மொழியும்

இன்னும் பத்தாண்டுகளில் உளநோயை மூளைப் படமே காட்டிவிடும், நோயாளியின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று மருத்துவபீடத்து நண்பர் ஒருவர் அண்மையில் வாதிட்டார். அவரை மறுத்தெழுந்த கலைப்பீடத்து மாணவரோ, உளநோய் என்பதே சமூகத்தின் கற்பிதம் என்றார். இருவரும் தத்தம் பீடத்துக்கு விசுவாசமாக நடந்துகொண்டனர். நோயாளியை இருவருமே மறந்தனர்.

முதலில் எம்மவர்க்கு விடை கூறுவோம். பைத்தியம் என அடைத்துவைக்கப்பட்டோருள் ஒரு பகுதியினரின் மூளையில் சிபிலிசு நோய்க் கிருமி இருந்தமையை நொகுச்சியும் மூரும் 1913இல் கண்டுகாட்டினர். உடலின் எதிர்ப்புச் சத்தே மூளையைத் தாக்குவதால் இளம்பெண்கள் திடீரெனப் புத்தி தடுமாறுவதுண்டு என்பதை 2007இல் டல்மோ குழுவினர் விளக்கினர். இத்தகையோருக்கு வேண்டுவது பேயோட்டுதலுமன்று, நமது சமூக விமர்சனமுமன்று. பரிசோதனையும் தாமதமற்ற சிகிச்சையுமே.

ஆயின் மனச்சோர்வையோ உளப்பிளவு நோயையோ தனித்து நிறுவவல்ல குருதிப் பரிசோதனையோ மூளைப் படமோ இன்றுவரை இல்லை. அமெரிக்க தேசிய உளநல நிறுவனத்தின் பணிப்பாளராயிருந்த தோமஸ் இன்செல், அறிகுறிப் பட்டியல்களை விடுத்து ஆய்வினை வேறு வழியில் திருப்பப்போவதாக 2013இல் முழங்கினார். தாம் செலவிட்ட பெருநிதி தற்கொலைகளைக் குறைக்கவில்லை என 2017இல் ஒப்புக்கொண்டவரும் அவரே. எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதையே நோயாளி கூறும் வரலாறுதானே தீர்மானிக்கின்றது?

அவ்வரலாற்றைக் கேட்பதும் எளிதன்று. நமது பேராதனையிற் கற்பித்த கணநாத் ஒபயசேகர 1985இல் வெளியான கட்டுரையொன்றில், மேனாட்டார் மனச்சோர்வெனக் குறிக்கும் நம்பிக்கையின்மை இங்கு ஒரு பௌத்தரின் வாழ்க்கை நோக்காகவும் இருக்கக்கூடும் என வாதிட்டார். சொல் ஒன்றாயினும் அது நிற்கும் இடம் வேறு.

சென்ற ஆண்டு தோட்டத்திலிருந்து என் சின்னம்மாவைக் கண்டிப் பக்கத்து வைத்தியசாலையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். என்னை வாயிலிலேயே நிறுத்திவிட்டனர். "நெஞ்சு அடைக்குது, மண்டைக்குள்ள எறும்பு ஊருது" என்று அவர் சொன்னதைத் தமிழ் சிறிது அறிந்த ஊழியர் ஒருவர் நெஞ்சு வலி என்று சிங்களத்திற் பெயர்த்தார். இதயத்தைச் சோதித்தனர்; குறையில்லை என அனுப்பினர். மகனைப் பறிகொடுத்தபின் அவர் உறங்காதிருந்த நான்கு மாதங்கள் எந்தத் தாளிலும் ஏறவில்லை. வைத்தியரை நான் குறைகூறேன். அவர் காதுக்கு எட்டியது அவ்வளவே.

தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பு ஏற்றது 1987இல். மருத்துவபீடத்து நண்பர்களே, மூளையை ஆராயும் கருவி வேண்டுமென நீங்கள் கேட்பது நியாயமே. அதே விண்ணப்பத்தில், உளநோய் விசாரணைக்கெனப் பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் கேட்டெழுதுங்கள். அப்பணிக்கு ஆள் வேண்டுமாயின் கலைப்பீடத்துக்கு வாருங்கள். சமூகக் கற்பிதம் பற்றி விரிவுரையாற்றிக்கொண்டிருக்கும் எமக்கும் அது நல்ல வேலையாகும்.