வால்வுன்னா எந்த வால்வு?

பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு மாத்தறது ரொம்ப சுலபம், பாதி வார்த்தை ரெண்டுலயும் ஒண்ணுதானேன்னு சொல்றவங்க நிறைய. கதைப் புத்தகத்துக்கு எப்படியோ, மெஷின் விஷயத்தில் அந்த ஒற்றுமைதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது என் கட்சி.

முதல்ல என் பிழைப்பைச் சொல்லிடறேன். பெரிய மெஷின்களில் ஆபரேட்டர் முன்னாடி ஒரு டச் ஸ்கிரீன் இருக்கும் இல்லையா, அதுல வர்ற அலாரம், பட்டன், பராமரிப்புக் குறிப்பு எல்லாத்தையும் சாஃப்ட்வேருக்குள்ள ஏத்தறதுதான் இப்போ நான் புடுங்கற ஆணி. எக்செல் ஷீட்டில் ஒரு கட்டத்தில் பிரெஞ்சு இருக்கும், பக்கத்துக் கட்டத்தில் இங்கிலீஷ் வரணும். அவ்வளவுதான். மொழிபெயர்க்கிறவர் கண்ணில் அந்த மெஷினைக் காட்டவே மாட்டாங்க.

சில உதாரணம். பிரெஞ்சுல 'கோந்த்ரோலே' என்றால் பெரும்பாலும் சரிபார்க்கிறது. பிரஷரை 'கோந்த்ரோலே' பண்ணுன்னா, மீட்டரைப் பாருன்னு அர்த்தம். அதை அப்படியே 'கன்ட்ரோல்' என்று போட்டால், படிக்கிறவர் குமிழைத் திருகப் போவார். 'டெஃபோ மோத்தர்' என்பது மோட்டார் பழுது. நம்மாளுங்க கண்ணுக்கு அது 'டீஃபால்ட்' மோட்டார் :-) 'எவாந்துவெல்மாந்' என்றால் தேவைப்பட்டால். 'ஈவன்ச்சுவலி' இல்லை. 'ஜ்வான்' என்பது சீல், கேஸ்கெட். ஆக, 'தேவைப்பட்டால் சீலை மாற்று' என்கிற ஒரு வரி, 'கடைசியில் ஜாயின்ட்டை மாற்று' என்று ஆகிவிடும். இலக்கணம் சுத்தமா இருக்கும். வேலைதான் தப்பு.

இதெல்லாம் பழகினால் பிடிபட்டுடும். நிஜமான தலைவலி வேற. வான், சூபாப், க்ளாப்பே, ரோபினேன்னு பிரெஞ்சுல நாலு பேர். இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் வால்வுன்னே போட்டுடலாம். ஆனா, ஓட்டத்தை நிறுத்தறது ஒண்ணு, பிரஷர் எகிறினா தானா திறந்துக்கறது ஒண்ணு, ஒரு பக்கமா மட்டும் விடறது ஒண்ணு. 'க்ளாப்பே' சில இடத்துல முழு வால்வு கூட இல்லை, வால்வுக்குள்ள உட்காரும் மூடி. எதுன்னு டிராயிங் பார்த்தால்தான் தெரியும். 'தூர்' இன்னும் மோசம். லேத்தும் தூர், கூலிங் டவரும் தூர், நிமிஷத்துக்கு இத்தனை சுத்து என்கிற சுத்தும் தூர். ஷீட்டில் தனியா 'தூர்' என்று ஒரு கட்டம் வந்தால், எந்த மகானாலும் சொல்ல முடியாது.

இப்பதான் ஏஐ வந்தாச்சே, அது பார்த்துக்காதான்னு கேட்பீங்க. முழு வாக்கியமா கொடுத்தால் பல நேரம் நல்லாவே செய்யுது. ஒத்தை வார்த்தையைக் கொடுத்தால் அதுவும் ஊகிக்கத்தான் செய்யும், ஊகிச்சோம்னு சொல்லாது. மனுஷரா இருந்தால் 'இது எந்த தூர்?' என்று மெயிலாவது போடுவார். ஆனா அவருக்கும் வார்த்தைக்கு இவ்வளவுன்னுதான் கூலி. ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் தேடினால் நஷ்டம் அவருக்கு.

அதனால மொழிபெயர்ப்பாளரைத் திட்டறதுல எனக்கு உடன்பாடு இல்லை. தப்பு ஷீட்டில் இருக்கு. என் யோசனை மூணுதான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல திரையோட படம், பாகத்தோட எண். ஒரு பாகத்துக்கு ஒரே பேர். கையேட்டில் ஒண்ணு, திரையில் ஒண்ணுன்னு கூடாது. அப்புறம் சந்தேகம்னா அகராதி. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் எலக்ட்ரோபீடியாவில் பிரெஞ்சும் இங்கிலீஷும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. கியூபெக் அரசின் கலைச்சொல் அகராதியும் இருக்கு. ரெண்டும் இணையத்தில் இலவசம்.

டிராயிங் ரகசியம், டெட்லைன் நெருக்குதுன்னு மேனேஜர்கள் சொல்வாங்க. முழு டிராயிங் வேணாம் சாமி, அந்த வால்வு இருக்கும் மூலையை மட்டும் வெட்டிக் கொடுங்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் வருட மெஷின் சட்டம், மொழிபெயர்த்த கையேட்டின் மேல் 'இது மூலக் குறிப்புகளின் மொழிபெயர்ப்பு' என்று எழுதியே ஆகணும்னு சொன்னது. படிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் மூலத்துக்குத் திரும்ப ஒரு வழி. எங்க எக்செல் கட்டத்துக்கு அந்த மரியாதை கிடையாது.

அந்த இங்கிலீஷைப் படிக்கப் போறவர் லண்டன்காரர் இல்லைங்க. போலந்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நைட் ஷிஃப்டில் நிற்கிற ஃபிட்டர். அவருக்கும் அது ரெண்டாவது மொழிதான். திரையில் எழுதினதை நம்பித்தான் மெஷினுக்குள்ள கையை விடறார்.

உங்க ஆபீஸ்ல இந்தக் கூத்து எப்படி நடக்குது மக்கா? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: பிரெஞ்சு உச்சரிப்பைத் தமிழில் எழுதினதுக்குப் புதுச்சேரி நண்பர்கள் கல்லெடுக்க வேண்டாம் :-)