ஓங்கில் ஆடினால் அறிவியல் ஆகிவிடுமா?



ஆண்டிறுதி நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. அப்பேச்சில் டால்பின் காட்சியும் அடிபடுகிறது. அதற்குக் ‘கல்விச் சுற்றுலா’ என்று பெயர் வேறு. ஓங்கில் என்று தமிழில் வழங்கும் அவ்வுயிரினம் வளையத்துக்குள் பாய்வதையும் பந்தைத் தட்டுவதையும் பார்த்துவிட்டால் பிள்ளைகள் அறிவியல் கற்றுவிடுவார்களாம்! இக்கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன்.

பாய்ச்சல் ஓங்கிலின் திறன்களில் மிகச் சிறியது. அதன் பெருந்திறன் ஒலியில் இருக்கிறது. மூச்சுத் துளைக்குக் கீழே ஒலித்துடிப்புகளை எழுப்பி, நெற்றியிலுள்ள கொழுப்புத் திரட்சியால் குவித்து முன்னே செலுத்துகிறது. மீனில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கி உட்செவிக்கு அனுப்புகிறது. நம் செவி 20 கிலோஹெர்ட்சோடு நின்றுவிடும். குப்பிமூக்கு ஓங்கிலோ ஏறத்தாழ 150 வரை கேட்கும். உறங்கும்போதும் மூளையின் ஒரு பாதி விழித்திருக்கும்.

குட்டி தனக்கென ஒரு தனிச் சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. அது ஏறக்குறைய அதன் பெயர். அச்சீழ்க்கையை ஒலிக்கச் செய்தால் அதற்குரிய ஓங்கில் மறுமொழி தருவதை 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பிரிந்து இருபது ஆண்டுகள் கடந்தும் பழைய துணையின் சீழ்க்கையை அது அடையாளம் காண்கிறது என்பது அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு. இவ்வாய்வு அடைபட்ட ஓங்கில்களிடம்தானே நடந்தது என்று சிலர் வாதிடலாம். ஆம், உண்மைதான். அவற்றை ஒரு தொட்டியிலிருந்து மற்றொரு தொட்டிக்கு மாற்றிப் பிரித்துக்கொண்டே இருந்ததால்தான் அந்நினைவை அளக்க முடிந்தது!

இவற்றுள் எதைக் காட்சி அரங்கில் நம் பிள்ளை காணும்? ஒலிபெருக்கி இசையையும் கைதட்டலையும்தான்.

அதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ச் செந்தோசாவின் கேளிக்கை மையத்திற்காகச் சாலமன் தீவுக் கடலில் 27 ஓங்கில்கள் பிடிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, 2010-இல் நம் லங்காவியில் அடைத்து வைக்கப்பட்டிருந்தபோது நோயுற்று இறந்தன. மற்றொன்று 2012-இல் விமானப் பயணத்திலேயே உயிர்விட்டது. இந்திய அரசு 2013-இல் இத்தகைய காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தது. நாமோ அதற்குப் பேருந்து ஏற்பாடு செய்கிறோம்.

நம் கடலிலேயே ஓங்கில்கள் வாழ்கின்றன என்பதை எத்தனை மாணவர் அறிவர்? பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் கரையோரத்தில், உருண்டைத் தலையுடைய ஐராவதி ஓங்கில்கள் உள்ளன. மியன்மாரின் ஐராவதி ஆற்றில் இதே இனம் மீனவரோடு சேர்ந்து மீன் பிடிக்கிறது. மீனவர் படகைத் தட்டி அழைப்பார். ஓங்கில்கள் மீன் கூட்டத்தை வலைப்பக்கம் ஓட்டிவரும். கையூட்டாக மீன் துண்டைக் காட்டி ஆட வைப்பதெங்கே, இக்கூட்டுறவு எங்கே?

ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் வழியாகச் சென்றால் மோரிப் கடற்கரை. அங்கு ஓங்கில் தலைகாட்டும் என்று எவரும் உறுதி கூற இயலாது. காட்டாவிட்டாலும் பாடம் நடக்கும். ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு சீழ்க்கையை உருவாக்கட்டும்; பின்னர்க் கண்ணைக் கட்டிக்கொண்டு, சீழ்க்கையை மட்டும் கேட்டுத் தம் தோழரைத் தேடிப் பிடிக்கட்டும். பேருந்துக் கட்டணத்தைத் தவிர வேறு செலவில்லை.